இரண்டாவது குச்சி

உரிமம் வாங்கி நூற்றுப் பன்னிரண்டு நாள்.
கையில் இரண்டு லட்சத்து அறுபதாயிரம்,
அதில் நாற்பது தேன் விற்றது,
மீதி சங்கத்துக் கடன்.
கப்பலூர் தாண்டித் தகரக் கொட்டகை.
வயதான வண்டிகள் டயருக்கெல்லாம் மை பூசிக்கொண்டு
நேற்றுப் பிறந்ததுபோல் நிற்கின்றன.

சிக்கந்தர் பாய் என் தம்பியிடம்தான் பேசுகிறார்.
"தம்பிக்கு எந்த மாதிரி வேணும்?"
மொக்கராசு பதினொன்றாம் வகுப்பு.
சைக்கிளையே சுவரில் சாய்த்துத்தான் நிறுத்துவான்.
"அக்காவுக்கு" என்கிறான்.
பாய் என்னைப் பார்க்கிறார், பிறகு என் செருப்பை,
பிறகு ஒரு வெள்ளைச் சின்னக் காரை.
"ஓட்டிப் பழக இதுதாம்மா லேசு."

லேசானது வேண்டாம் எனக்கு.
சாப்டூருக்கு மேற்கே மலையடி மாந்தோப்பில்
நாற்பது தேன்பெட்டிகள்.
பூ முடிந்தால் முருங்கைக் காட்டுக்கு மாற்ற வேண்டும்,
ஈ அடைந்த பிறகு, கிழக்கு வெளுப்பதற்குள்.
நடுவில் ஓர் ஓடை.
வருஷத்தில் ஒன்பது நாள் தண்ணீர்,
மற்ற நாளெல்லாம் மணல்.
போன பங்குனியில் வாடகை வண்டி
அந்த மணலில் அச்சுவரை இறங்கிவிட்டது.
வெயில் ஏறியது.
மூடிய ஆறு பெட்டிகளுக்குள் இரைச்சல்
கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததை
பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.
இதைப் பாயிடம் சொல்லவில்லை.
"நாலு சக்கரமும் இழுக்கணும்" என்றேன்.

சிவப்பு ஜீப் ஒன்றைக் காட்டினார்.
தலையில் எட்டு விளக்கு,
கதவில் புலி நகம் கீறிய படம்,
பின்னால் ஃபோர் பை ஃபோர் என்று கொட்டை எழுத்து.
துப்பட்டாவை இடுப்பில் கட்டி
மல்லாந்து அடியில் நுழைந்தேன்.
பின்னச்சுக்குத் தண்டு போகிறது.
முன்னச்சுக்குப் போக வேண்டிய இடத்தில்
ஒரு சிலந்தி வலை.
"ஸ்டிக்கர்தான் இழுக்குமா பாய்?"
சிரித்துவிட்டார்.
அதற்குப் பிறகுதான் என்னிடம் பேசினார்.

ஜிப்சி நல்ல வண்டி.
ஆனால் பெட்ரோலை அது குடிக்கிற வேகத்துக்கு
என் ஈக்கள் இரவிலும் பறக்க வேண்டியிருக்கும்.
பொலேரோவில் குறை ஒன்றுமில்லை.
விலை கேட்டுவிட்டு
கதவை மெதுவாகச் சாத்தினேன்.

மூலையில் கிடந்தது
ஊட்டிப் பதிவெண்ணோடு ஒரு பழைய ஜீப்.
தேயிலைத் தோட்டத்தில் உழைத்ததாம்.
வெந்த கத்தரிக்காய் நிறம்.
இடது பக்கத் தரை திருப்புளி பட்டதும்
முறுக்குப்போல் நொறுங்கியது.
சட்டத்தில் எட்டு இடம் குத்தினேன்,
எட்டிலும் திருப்புளிதான் வழுக்கியது.
கியர்க் குச்சிக்குப் பக்கத்தில்
குமிழ் தேய்ந்து மொட்டையாய்
இரண்டாவது குச்சி.

"ரிங் ரோட்டுல ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க."
"ரோட்டுல எல்லாம் ஓடும் பாய். மணல் வேணும்."
குண்டாற்றுக்கு இறக்கினேன்.
மூன்று முறை அணைந்தது.
நான்காவது முறை பின்சக்கரங்கள் சுற்றிச் சுற்றித்
தங்களுக்கே குழி வெட்டிக்கொண்டன.
கரையில் பாய் மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தார்.
இறங்கி, மண்டியிட்டு,
முன்சக்கரக் குமிழ் இரண்டையும் திருகிவிட்டு
ஏறி இரண்டாவது குச்சியைத் தள்ளினேன்.
அசையவில்லை.
கிளட்சை மிதித்துக் கொஞ்சம் காத்திருந்தேன்.
அடியில் எங்கோ
ஒரு பல் இன்னொரு பல்லைக் கண்டுபிடித்த சத்தம்.

பாய்ச்சலெல்லாம் இல்லை.
வேலைக்கு எழுப்பப்பட்ட ஆள்போல
முனகிக்கொண்டே நகர்ந்தது.
கரை ஏறும்வரை மூச்சு விட்டேனா தெரியாது.

இரண்டு எண்பத்தைந்து என்றார்.
மொட்டை டயர் இரண்டு, தரை, பேர் மாற்றம், இன்சூரன்ஸ் என
விரல் மடக்கினேன்.
இரண்டு நாற்பதில் அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார்.
குறைவாகக் கேட்டிருக்கலாமோ என்று
இப்போதும் தோன்றுகிறது.

உசிலம்பட்டி சாலையில் இருட்டத் தொடங்கியது.
ஓட்டக் கற்ற காரில் இரண்டு பிரேக் உண்டு,
ஒன்று என் காலில்,
ஒன்று பக்கத்தில் இருப்பவர் காலில்.
இதில் பக்கத்தில் மொக்கராசு.
அவன் காலடியில் பிரேக் இல்லை,
தரையும் பாதி இல்லை,
ஓட்டை வழியாக வெள்ளைக்கோடு விட்டுவிட்டு ஓடுகிறது.
இரண்டு காலையும் தூக்கிச்
சம்மணம் போட்டுக்கொண்டு
"அக்கா, மெதுவா" என்கிறான்.
முப்பதில்தான் போகிறேன்.